தொழுவத்திலிருந்து தொடங்கும் ஆண்டறிக்கை: கால்நடை நலனுக்கும் பாதுகாப்பான பாலுக்கும் உழைக்கும் அறக்கட்டளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் 31 கடந்ததும் தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் ஆண்டறிக்கை வேலை சூடுபிடிக்கும். கால்நடை வளர்ப்போரிடையே பணியாற்றும் அறக்கட்டளைகளின் அறிக்கைகளை அடுத்தடுத்துப் படித்தால், பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும்: எத்தனை மருத்துவ முகாம்கள், எத்தனை பயிற்சி வகுப்புகள், எத்தனை பயனாளிகள், எத்தனை கிலோ தாது உப்புக் கலவை, நடுவே குத்துவிளக்கு ஏற்றும் புகைப்படம் ஒன்று. இவற்றில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊழியர்கள் ஆண்டு முழுவதும் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இவை சொல்கின்றன. அந்த மாடு சென்ற ஆண்டைவிட இப்போது வலி குறைந்து நிற்கிறதா, அதன் பாலைக் குடிக்கும் குழந்தைக்கு அது முன்பைவிடப் பாதுகாப்பானதா என்ற இரண்டு கேள்விகளுக்கு இவற்றில் விடை கிடைப்பதில்லை. நன்கொடை கொடுத்தவரும் பால் ஊற்றும் விவசாயியும் உண்மையில் அறிய விரும்புவது இந்த இரண்டையும்தான் என்பதால், இவற்றுக்கு விடை தரும் வகையில் ஓர் அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்பதைத் தமிழ்நாட்டின் சிறு கறவை மாட்டுப் பண்ணையாளர்களை மையமாக வைத்து இங்கே விளக்குகிறேன். ஆடும் கோழியும் இடையிடையே வரும்.

தொடக்கக் கணக்கெடுப்பு

ஆண்டின் முடிவில் முன்னேற்றம் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால், ஆண்டின் தொடக்கத்தில் நிலைமை எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இருந்தாக வேண்டும். திட்டம் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் ஒரு பக்கப் படிவத்தோடு தொழுவங்களுக்குச் சென்று இந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும். நிறுவனத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள் நூற்றுக்கும் குறைவு என்றால் எல்லா வீடுகளுக்கும் செல்லலாம். அதற்கு மேல் இருந்தால் பால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்துச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பதே முறை. வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஊழியரிடம் விட்டால், தார்ச்சாலையை ஒட்டிய வீடும், போனதும் காபி கொடுக்கும் வீடும், ஏற்கெனவே நன்றாகப் பராமரிக்கும் வீடும்தான் பட்டியலில் ஏறும். அதில் ஊழியரின் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை, மனித இயல்பு அப்படித்தான்.

ஒவ்வொரு மாட்டையும் அதன் காதில் உள்ள 12 இலக்க அடையாள வில்லையின் எண்ணைக் கொண்டே பதிவு செய்ய வேண்டும். "முருகன் வீட்டுச் சிவப்பு மாடு" என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அந்த வீட்டில் வேறொரு சிவப்பு மாடு நிற்கும். கறவை மாடுகள் கைமாறும் வேகம் நகரத்து வாசகர்கள் நினைப்பதைவிட மிக அதிகம். ஆண்டின் முடிவில் அதே மாட்டைத்தான் ஒப்பிட்டோமா, அல்லது நோயாளி மாட்டை விற்றுவிட்டு வாங்கிய புதிய மாட்டைப் பார்த்து மகிழ்ந்தோமா என்பதை இந்த எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

மாட்டின் மீதே அளப்பது

கால்நடை நலம் பற்றிப் பேசும்போது 'ஐந்து சுதந்திரங்கள்' என்ற கோட்பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பிரிட்டனில் பிராம்பெல் குழு 1965-இல் அளித்த அறிக்கையில் வேர்விட்டு, 1979-இல் அந்நாட்டின் பண்ணை விலங்கு நல மன்றத்தால் வரையறுக்கப்பட்ட கோட்பாடு இது: பசி தாகமின்மை, உடல் அசௌகரியமின்மை, வலியும் நோயும் இன்மை, இயல்பான நடத்தைக்கு இடம், அச்சமும் துயரமும் இன்மை. இதை அறிக்கையின் முதல் பக்கத்தில் அழகாக அச்சிட்டுவிட்டுப் பிறகு மறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தொழுவத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளமாக மாற்றினால்தான் அது பயன்படும்.

தாகத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்குக் காலையிலும் மாலையிலும் வாளியில் தண்ணீர் காட்டுவதே நம் ஊர்களில் பெரும்பாலும் வழக்கம். ஒரு லிட்டர் பால் சுரக்க மாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்பதால், பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு சித்திரை வெயிலில் இரண்டு வாளியோடு நின்றால் அது தாகத்தோடுதான் நிற்கிறது. ஆகவே "தண்ணீர் கொடுக்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமே இருக்கக் கூடாது, ஏனெனில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கட்டிய நிலையில் மாட்டின் வாய்க்கு எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கிறதா, ஊழியர் சென்ற நேரத்தில் அதில் தண்ணீர் இருந்ததா, அது பாசி பிடிக்காமல் இருந்ததா என்ற மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று குறிப்பதே போதுமானது.

படுக்கை வசதிக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. முன்னங்கால் முட்டியிலோ பின்னங்கால் மூட்டின் வெளிப்பக்கத்திலோ முடி உதிர்ந்து, தோல் தடித்து, சில வேளைகளில் எலுமிச்சை அளவுக்கு வீங்கி இருந்தால், அந்த மாடு வெறும் சிமெண்ட் தரையில் நெடுங்காலமாகப் படுத்து எழுகிறது என்று பொருள். "ரப்பர் பாய் போட்டிருக்கிறோம்" என்று வீட்டுக்காரர் சொல்லலாம், பாயும் உண்மையிலேயே அங்கே இருக்கலாம். ஆனால் அது சாணி ஒட்டாத புதுப்பாயாகச் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டிருந்தால், மாட்டின் மூட்டைத்தான் நம்ப வேண்டும். நிறுவனம் 150 பாய்கள் வழங்கியது என்பது செலவுக் கணக்கு. மூட்டு வீக்கம் உள்ள மாடுகளின் விகிதம் ஓராண்டில் எவ்வளவு குறைந்தது என்பதே முன்னேற்றம்.

இதே வழியில், மூக்கணாங்கயிறு உராய்ந்த புண், கழுத்துக் கயிற்றின் தழும்பு, குளம்பு நீண்டு வளைந்திருத்தல், நொண்டல், உண்ணித் தொற்று, உடல் தேற்றத்துக்கு, அதாவது மாடு மெலிந்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்பதற்கு, ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண் ஆகியவற்றைப் படிவத்தில் சேர்க்கலாம். நொண்டலைக் கட்டுத்தறியில் நிற்கும்போது கண்டுபிடிக்க முடியாது. மாட்டை அவிழ்த்துச் சமதரையில் பத்தடி நடக்கவிட்டு, முதுகு வளைகிறதா, தலை தாழ்ந்து எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்புக்கு முன்பு ஊழியர்கள் இருவர் ஒரே பத்து மாடுகளைத் தனித்தனியே மதிப்பிட்டுத் தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஒருவருக்கு மூன்றாகத் தெரிவது இன்னொருவருக்கு நான்காகத் தெரிந்தால், ஆண்டின் முடிவில் கிடைக்கும் வேறுபாடு மாட்டினுடையதா ஊழியருடையதா என்று சொல்ல முடியாமல் போகும்.

கறக்கும் முறையைப் பலர் கவனிப்பதில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறப்பது பரவலான பழக்கம். அது காம்பின் உட்பகுதியைக் காயப்படுத்தி மடிநோய்க்கு வழிவிடுகிறது. ஐந்து விரல்களாலும் காம்பைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக அழுத்தும் முழுக்கை முறையே மாட்டுக்கு வலி தராதது. பயிற்சிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுவதற்கு மாறாக, பயிற்சி முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் விடியற்காலையில் அறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது எத்தனை பேர் கட்டைவிரலை மடக்காமல் கறந்தார்கள் என்று எழுதுங்கள். அந்த எண் பெரும்பாலும் சங்கடம் தரும் அளவுக்குச் சிறியதாக இருக்கும், எனினும் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

மடிநோயும் முதலாண்டின் பொறி

கண்ணுக்குத் தெரியும் மடிநோயைவிட, பாலின் தோற்றம் மாறாமலே மடிக்குள் ஒளிந்திருக்கும் அறிகுறியற்ற மடிநோய்தான் பரவலானது. இதைக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை மூலம் தொழுவத்திலேயே கண்டறியலாம். நான்கு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் இரண்டு மூன்று மில்லி அளவுக்குத் தனித்தனியே கறந்து, அதே அளவு சோதனைக் கரைசலைச் சேர்த்து, தட்டை வட்டமாகப் பத்து விநாடிகள் ஆட்ட வேண்டும். நல்ல பால் நீராகவே ஓடும், நோயுற்ற காம்பின் பால் கொழகொழவென்று திரளும். தன் மாட்டின் நான்கு குழிகளில் ஒன்று மட்டும் திரள்வதை ஒரு விவசாயி நேரில் பார்ப்பது பத்துத் துண்டறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

இந்தச் சோதனையைப் புதிதாகத் தொடங்கிய ஆண்டில் மடிநோய் எண்ணிக்கை கட்டாயம் உயரும், ஏனெனில் முன்பு யாரும் தேடிப் பார்க்கவே இல்லை. இதை அறியாத நிர்வாகக் குழுவோ நன்கொடையாளரோ "திட்டத்துக்குப் பின் நோய் கூடிவிட்டதே" என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு அஞ்சி எண்களையே விட்டுவிடும் அறிக்கைகளும் உண்டு. அறிகுறியோடு வந்த மடிநோயையும் சோதனையில் கண்ட மடிநோயையும் இரண்டு தனி வரிகளாகப் பிரித்து, எத்தனை காம்புகளைச் சோதித்ததில் எத்தனை காம்புகள் என்று பகுதியையும் முழுமையையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

சிகிச்சையைப் பற்றி எழுதும்போதும் இதே கறார் தேவை. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் முயற்சியால் பரவலாகி, தேசிய பால்வள வாரியமும் ஊக்குவித்துவரும் மரபுசார் மூலிகை மருத்துவத்தைப் பல நிறுவனங்கள் கற்றுக்கொடுக்கின்றன. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்தால் செந்நிறமாக வரும் விழுதை, மடியைக் கழுவிக் கறந்தபின் நாளுக்குப் பலமுறை ஐந்து நாள்களுக்குப் பூசுவது அதில் நன்கு அறியப்பட்ட மடிநோய் மருத்துவம். இதை அறிக்கையில் சேர்க்கும்போது "மூலிகை மருத்துவத்துக்கு நல்ல வரவேற்பு" என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. பூசப்பட்ட காம்புகள் எத்தனை, மறுசோதனையில் தெளிந்தவை எத்தனை, தெளியாமல் இறுதியில் ஆன்டிபயாட்டிக் ஊசி தேவைப்பட்டவை எத்தனை, காய்ச்சலும் தீனி எடுக்காமையும் கண்டதால் தொடக்கத்திலேயே கால்நடை மருத்துவரிடம் அனுப்பப்பட்டவை எத்தனை என்ற நான்கும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். கடைசி இரண்டு எண்களும் இல்லாத அறிக்கையை எந்தக் கால்நடை மருத்துவரும் நம்ப மாட்டார்.

தொழுவத்திலிருந்து தம்ளர் வரை

மாட்டின் நலத்தையும் உணவின் பாதுகாப்பையும் ஒரே அறிக்கையில் எழுதுவதற்குக் காரணம், இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதுதான். மடிநோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போடப்படுகிறது. அதன் எச்சம் பாலில் இறங்குகிறது. அந்த எச்சம் காய்ச்சினால் பெரும்பாலும் போய்விடுவதில்லை. மருந்து போட்டபின் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாத நாள்களான விலக்குக் காலம் மருந்துப் புட்டியில் குறிப்பிடப்பட வேண்டும் என்றும், உறுதிசெய்யப்பட்ட காலம் இல்லாத மருந்துகளுக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்றும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் 2012-இல் திருத்தம் வந்தது. சட்டம் தெளிவாக இருக்கிறது. நாளுக்கு எட்டு லிட்டர் ஊற்றும் ஒருவர் ஏழு நாள் பாலை நிறுத்தினால் 56 லிட்டருக்கான பணம் போகிறது என்பதும் அதே அளவுக்குத் தெளிவாக இருக்கிறது, விதி மீறப்படுவதன் காரணமும் அதுதான்.

எனவே "விலக்குக் காலம் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்" என்ற வாக்கியத்தால் வாசகருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. சிகிச்சை பெற்ற ஒவ்வொரு மாட்டுக்கும் தேதி, மருந்தின் பெயர், விலக்குக் காலம் முடியும் நாள், இடைப்பட்ட நாள்களில் பால் என்ன ஆனது என்ற நான்கு கட்டங்கள் உள்ள அட்டை ஒன்றைத் தொழுவத்திலேயே தொங்கவிடச் செய்யுங்கள். பால் கொட்டப்பட்டதா, சங்கத்துக்கு ஊற்றப்பட்டதா, வீட்டில் பயன்பட்டதா, கன்றுக்கு ஊட்டப்பட்டதா என்று பிரித்து எழுதினால் பல உண்மைகள் வெளிவரும். கன்றுக்கு ஊட்டுவதைச் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மருந்து எச்சமுள்ள பால் கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களை வளர்க்கும். நிறுவனம் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் நிதி எதையாவது நடத்தினால், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை நாளில் பணம் போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். பத்தாம் நாள் வரும் ஈட்டுத்தொகையை நம்பி முதல்நாள் பாலைக் கொட்ட யாரும் முன்வர மாட்டார்கள்.

அட்டையில் உள்ளது உண்மைதானா என்று சரிபார்க்க, எச்சத்தைக் கண்டறியும் நுண்ணுயிர்ச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் ஊதா நிறக் குழாயில் பாலை விட்டு 64 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைத்தால், எச்சம் இல்லாத பாலில் நுண்ணுயிர் வளர்ந்து நிறம் மஞ்சளாகும், எச்சம் உள்ளதில் ஊதாவாகவே நின்றுவிடும். மாதந்தோறும் சங்கத்தின் கேனிலிருந்து எடுத்த மாதிரிகளில் எத்தனை ஊதாவாக நின்றன என்ற ஒற்றை வரி, பாதுகாப்பான உணவு பற்றிய ஐந்து பக்கக் கட்டுரைக்குச் சமம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. உங்கள் பகுதி மருந்துக் கடைகளில் அது இப்போதும் கேட்டால் கிடைக்கிறதா என்பதும் அறிக்கையில் எழுதத் தக்க செய்திதான்.

மருந்து எச்சத்தைவிடத் தமிழ்நாட்டில் கூடுதல் கவனம் வேண்டுவது பூஞ்சணம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் 1.2 சதவீத மாதிரிகளில்தான் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பு மீறியிருந்தது. அஃப்லாடாக்சின் எம்1 என்ற நச்சு 5.7 சதவீத மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது, அப்படிப்பட்ட மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பாலில் இதற்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் பூஞ்சணத்தின் நச்சை மாடு தின்ன, அது உருமாறிப் பாலில் வருகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. இங்கே முன்னேற்றத்தை அளக்கும் இடம் தீவன மூட்டைதான்: மூட்டை தரையில் கிடக்கிறதா, மரப்பலகை மேல் சுவரை ஒட்டாமல் இருக்கிறதா, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் எத்தனை நாள் தீவனம் ஒரே முறையில் வாங்கி வைக்கப்படுகிறது, பூஞ்சணம் பிடித்ததை ஆட்டுக்கோ கோழிக்கோ போடுகிறார்களா. ஆய்வகச் சோதனைக்குச் செலவு அதிகம் என்பதால் சங்கத்தின் கலவைப் பாலில் காலாண்டுக்கு ஒரு மாதிரி போதும். ஆனால் மழைக்கால மாதிரியைத் தவறவிடக் கூடாது.

எண்களை ஒப்பிடும் ஒழுங்கு

பருவத்தை மறந்து செய்யும் ஒப்பீடுதான் இத்தகைய அறிக்கைகளில் மிகச் சாதாரணமாக நிகழும் பிழை. ஜூனில் தொடக்கக் கணக்கெடுப்பும் நவம்பரில் இறுதிக் கணக்கெடுப்பும் நடந்தால், வடகிழக்குப் பருவமழையின் சேற்றில் மடிநோயும் குளம்புப் புண்ணும் பெருகி, நல்ல திட்டம்கூடத் தோற்றது போலக் காட்சியளிக்கும். நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடித்தால், ஒன்றுமே செய்யாத திட்டமும் வெற்றி பெற்றதாகத் தெரியும். எந்த மாதம் எடுத்தீர்களோ அடுத்த ஆண்டும் அதே மாதம் எடுக்க வேண்டும் என்பதே தீர்வு.

இடையில் விலகியவர்களை மறைப்பது இன்னொன்று. தொடக்கத்தில் 120 குடும்பங்கள், இறுதியில் 84 குடும்பங்கள் என்று ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால், விலகிய 36 குடும்பங்கள் பெரும்பாலும் மிகவும் சிரமப்பட்டவர்களாகவே இருப்பார்கள். எஞ்சிய 84-இன் சராசரி தானாகவே உயர்ந்துவிடும். விலகியோர் எண்ணிக்கையையும் காரணங்களையும், அதாவது மாட்டை விற்றது, கட்டட வேலைக்குப் போனது, வீட்டில் சாணி அள்ள ஆள் இல்லாமல் போனது ஆகியவற்றை ஒரு பத்தியாக எழுதுங்கள். பத்து மாடுகளில் ஒன்று கூடியதை "10 சதவீத உயர்வு" என்று எழுதாமல், பத்தில் ஆறு ஏழானது என்று எழுதுவதே நாகரிகம்.

பிறர் வேலையைத் தன் கணக்கில் எழுதுவதும் தவிர்க்க வேண்டியது. கோமாரி நோய்த் தடுப்பூசியும், நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கான கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசியும் 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ்க் கால்நடை பராமரிப்புத் துறை போடுபவை. அறக்கட்டளை ஊருக்குள் தகவல் சொல்லி, மாடுகளைக் கூட்டிவந்து, பிடித்துக் கொடுத்திருக்கலாம். அதை அப்படியே எழுதினால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். "2,000 மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டோம்" என்று எழுதினால், அதே எண் துறையின் அறிக்கையிலும் இருக்கும், இரண்டையும் படிப்பவருக்கு உங்கள் மற்ற எண்கள் மீதும் ஐயம் வரும்.

எழுதத் தயங்கும் பக்கம்

கறவை மாட்டு நலம் பேசும் அறிக்கைகளில் காளைக்கன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. பிறக்கும் கன்றுகளில் பாதி காளை. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்தபின், கலப்பினக் காளைக்கன்றுக்கு வீட்டில் வேலை இல்லை. அதற்குச் சீம்பால் கிடைத்ததா, எத்தனை நாள் பால் ஊட்டப்பட்டது, மூன்று மாதத்தில் அது எங்கே இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்யாத அறிக்கை, மனிதத்தன்மை உள்ள பண்ணையத்தைப் பற்றிப் பேசும் உரிமையைப் பாதியில் இழந்துவிடுகிறது என்பதே என் கருத்து. சினை பிடிக்காமல், பால் வற்றி விற்கப்பட்ட மாடுகளுக்கும் இது பொருந்தும். சந்தைக்குப் போனவற்றின் எண்ணிக்கையையும், ஏற்றிச்சென்ற வண்டியில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்ற மோட்டார் வாகன விதி கடைப்பிடிக்கப்பட்டதா என்பதையும் தெரிந்த அளவுக்கு எழுதலாம். விற்றவரைக் குற்றவாளியாக்கும் தொனி கூடாது. வற்றிய மாட்டுக்கு நாள்தோறும் தீனி போடும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை உணர்ந்து எழுத வேண்டும்.

பால் இறங்குவதற்காக ஊசி போட்டுக் கறப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றம். ஊழியர்கள் அதைக் கண்டிருந்தால், எத்தனை தொழுவங்களில் கண்டோம், ஆண்டின் முடிவில் எத்தனை என்று எண்ணை வெளியிடுங்கள். பெயரையோ, ஊரை அடையாளம் காட்டும் குறிப்பையோ வெளியிட வேண்டாம். புண்ணான மாட்டின் படத்தில் உரிமையாளரின் முகமும் வீட்டு வாசலும் தெரிவது, அடுத்த ஆண்டு அந்தத் தெருவே உங்களுக்குக் கதவை அடைத்துவிடப் போதுமானது.

ஆட்டுப்பட்டிகளில் பணியாற்றுவோருக்கு மழைக்காலக் குட்டி இறப்பும், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி பெற்ற ஆடுகளின் விகிதமும் முதன்மையான அளவுகள். முட்டைக்கோழிக் கூண்டுகளைப் பற்றிச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் விரிவாகப் பேசியிருக்கிறது. கூண்டிலிருந்து, தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறைக்கு மாறிய பண்ணைகளைக் காட்டும் நிறுவனங்கள், மாறிய பின் கோழிகளின் இறப்பு விகிதத்தையும் தவறாமல் சேர்க்க வேண்டும். கூளம் ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும். அதைச் சொல்லாமல் கூண்டில்லாப் பண்ணையைப் புகழ்வது விளம்பரமாகிவிடும்.

பணமும் சட்டமும்

வரவு செலவைத் தணிக்கையாளர் தரும் வடிவத்தில் பின்னிணைப்பாக வைத்துவிட்டு, உடலில் ஒரே ஒரு கணக்கை மட்டும் எழுதினால் போதும்: ஒரு மாட்டுக்கு ஓராண்டில் எவ்வளவு செலவானது, அதில் சம்பளமும் பயணமும் எவ்வளவு. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும், அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. ஆகவே விவசாயிகள் குழுவுக்கு "நிதி வழங்கினோம்" என்று அறிக்கையில் மேம்போக்காக எழுதும் ஒரு சொல், பொருளாகவே வாங்கித் தந்திருந்தாலும் பின்னால் விளக்கம் கேட்கும் கடிதத்தை வரவழைக்கும். இந்த நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைக் காட்டி டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யும் எஃப்சி-4 படிவத்தில் உள்ள தொகையும் ஆண்டறிக்கையில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும்.

அச்சுக்கு முன்

அறிக்கையை முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கில அறிக்கை நன்கொடையாளருக்குத் தேவைப்பட்டால் பிறகு அதிலிருந்து தயாரிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிப் பின் தமிழாக்கும்போது, "பங்குதாரர்களின் திறன் மேம்பாடு" போன்ற, யாருடைய மாட்டுக்கும் பொருந்தாத சொற்றொடர்கள் வந்து குவியும். வரைவு முடிந்ததும், பால் சங்கத்தில் காலைக் கொள்முதல் முடியும் வேளையில் உறுப்பினர்களிடம் எண்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "எங்க தெருவில ஒரு தொட்டிகூட வரலியே" என்று ஒருவர் சொல்வார், "அந்த மாசம் ஊசி போட்டது எட்டில்ல, பன்னெண்டு" என்று இன்னொருவர் திருத்துவார். படிவத்தோடு ஒப்பிட்டு, திருத்தம் சரியென்றால் ஏற்றுக்கொண்டு, முடிவாகாத கருத்து வேறுபாடுகளை அறிக்கையிலேயே ஒரு குறிப்பாக வைத்துவிடலாம்.

அச்சானபின் தொழுவப் படிவங்களைக் காது வில்லை எண் வரிசையில் கட்டி அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் கணக்கெடுப்புக்குச் செல்லும் ஊழியரிடம் வில்லை எண்ணும் வீட்டு முகவரியும் மட்டும் உள்ள வெற்றுப் படிவத்தைக் கொடுங்கள். சென்ற ஆண்டின் மதிப்பெண்கள் அவர் திரும்பி வந்து தாளை ஒப்படைக்கும் வரை அவர் கண்ணில் படக் கூடாது.